ஆந்தி

சொல் ஒன்றுதான்.
மே மாதத்து லாகூரில் குழந்தையும் சொல்வது.
ஆந்தி.
மேற்கே வானம் செங்கல்பொடி நிறமாகும்,
கொடியில் கிடக்கும் துணிக்காகப் பெண்கள் மாடிக்கு ஓடுவார்கள்,
அன்றைய ரொட்டி பல்லில் நறநறக்கும்.

‘தஸ்தக்’ வாரப் பத்திரிகை. மூன்றாம் பக்கம், கீழ் மூலை:
“ஆந்தி வருகிறது. பெரிய வீட்டுக்காரர்களே,
உங்கள் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பாருங்கள்.”

நான் நௌபத் ராய். அரசாங்க மொழிபெயர்ப்பாளன்.
மாதம் எண்பது ரூபாய்.
அன்று பொழுது சாய்வதற்குள் பதினான்கு பத்திரிகைகள்.
புழுதிப்புயல் என்று எழுதினேன்.
அடித்தேன்.
கிளர்ச்சி என்று எழுதினேன்.
புழுதிப்புயலுக்கு எந்த மேலதிகாரியும்
சிவப்புப் பென்சிலை எடுப்பதில்லை.

ஒன்பதாம் நாள், ஆணை.
ஜாமீன் தொகை இரண்டாயிரமும் பறிமுதல்.
அதில் பாதி ஆசிரியர் கரம் இலாஹியின்
வீட்டு வளையல்கள் என்பதை
அவருடைய மனுவின் ஏழாம் பத்தியில் படித்தேன்.
அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.
வளையல் என்றே எழுதினேன்.

உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள்.
கூண்டுக் கட்டையைப் பிடித்த என் கை வழுக்கியது.
வக்கீல் சஹ்னி ஒரு காகிதத்தை விசிறிபோல் ஆட்டியபடி வந்தார்,
வானிலை நிலையத்தின் முத்திரையோடு.
“பத்திரிகை வெளியான மறுநாள்,
மாலை நாலே முக்காலுக்கு, லாகூருக்கு என்ன வந்தது?”
அன்று அனார்கலியில் தலைப்பாகையை அமுக்கிக்கொண்டு
நானும் ஓடியிருந்தேன்.
“காற்று.”
“எப்படிப்பட்ட காற்று?”
“புழுதியோடு.”
“அதற்கு உருதுவில் பெயர் இல்லையா?”
பின்வரிசை சிரித்தது. சேவகன் அதட்டினான்.
“சரி, கிளர்ச்சிக்கு?”
“பகாவத்.”
“அந்தச் சொல் இந்தப் பக்கத்தில் எங்கே, காட்டுங்கள்.”
பூதக்கண்ணாடி கொடுத்தார்கள்.
தேடுவதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் இருந்தேன்.
“இல்லை.”

இல்லைதான்.
கரம் இலாஹி வானிலை எழுதவில்லை என்பதும் உண்மைதான்.
அது எனக்குத் தெரியும், சிரித்தவர்களுக்குத் தெரியும்,
மேசைமேல் குடைபோல் விரிந்த மூன்று கறுப்பு அங்கிகளுக்கும் தெரியும்.
என் பிழை சரியாக இருந்தது.
அதைத்தான் எவரிடமும் சொல்ல முடியவில்லை.

தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று. மனு தள்ளுபடி.
சொல் எதுவாக இருந்தாலென்ன,
தொனியில் அரசின்மேல் வெறுப்பு, என்று முப்பத்தொரு பக்கம்.
மறுத்தவர் எழுதியது ஒன்றரைப் பக்கம்:
“தொனிக்கு ஜாமீன் கேட்கும் சட்டம் எதையும் நான் படித்ததில்லை.”
அந்த வரியை மட்டும் பத்திரிகைகள் எல்லாம் போட்டன.
எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.

அச்சுக்கல் ஏலத்தில் போனது.
ஷாதராவில் ஒரு சோப்பு வியாபாரி எடுத்தான்,
உறைகளில் பூப்போட.
எனக்கு ஐந்து ரூபாய் சம்பள உயர்வு வந்தது;
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று
மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

தை பிறக்கும் குளிரில் மேசைக்கு ஒரு புதுப் பத்திரிகை.
பெயர் புதிது. வெளியிடுபவர், யாரோ ஒரு மைத்துனர்.
கையெழுத்து மட்டும் பழையது.
‘நூன்’ எழுத்தின் புள்ளியை ஒரு மயிரிழை
இடப்பக்கம் தள்ளிவைக்கும் முன்ஷி ரஹ்மத்தின் நாணல் பேனா.
பூதக்கண்ணாடிக்குள் வீங்கி நின்ற அந்தப் புள்ளியை
நான் எங்கு கண்டாலும் அறிவேன்.

மூன்றாம் பக்கம், கீழ் மூலை:
“இந்த ஆண்டு மூடுபனி அதிகம்.
எதிரே நிற்பவர் யார் என்று தெரியவில்லை.
மெல்ல நடங்கள், ஆனால் நில்லாதீர்கள்.”

மூடுபனி என்று எழுதினேன்.
மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடிக்கவில்லை.

மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.
பென்சிலின் முனையை நகத்தில் குத்திப் பார்த்தார்.
“எந்த மூடுபனி?” என்றார்.